ஒட்டிப் பிறந்த படிகங்களில் இருந்து புரதத்தின் வடிவத்தை எடுப்பது எப்படி?

புரதப் படிகம் வளர்ப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நூற்றுக்கணக்கான கரைசல்களில் வைத்துப் பார்த்து, வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு, ஏதோ ஒரு துளியில் கத்தியால் சீவியதுபோல ஆறு பக்கமும் கூராக ஒரு படிகம் கிடைக்கும். நுண்ணோக்கியில் கண்ணாடி மாதிரி தெரியும். எக்ஸ் கதிரில் வைத்தால் புள்ளிகள் வரிசை பிசகாமல் விழும். இனி எல்லாம் சுலபம் என்று நினைத்துக் கணக்கை ஆரம்பித்தால், பாதி வழியில் நின்றுவிடும். அணுக்களை வைத்துக் கட்டிய மாதிரி வடிவம் பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்த தரவோடு ஒரு அளவுக்கு மேல் பொருந்த மறுக்கிறது. எத்தனை முறை திருத்தினாலும் அதே இடம்தான்.

இந்த நிலைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் கண்ணுக்குக் கொஞ்சமும் தெரியாத ஒன்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். உங்கள் கையில் இருப்பது ஒரு படிகம் அல்ல. ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிறந்த இரண்டு. படிகவியலில் இதை இரட்டைப் படிகம் என்றும், இந்த நிகழ்வை ட்வின்னிங் என்றும் சொல்கிறார்கள்.

முதலில் அடிப்படையைச் சரிசெய்துகொள்வோம். படிகம் என்பது ஒரே மூலக்கூறு, ஒரே மாதிரித் திரும்பி, வரிசை வரிசையாக அடுக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டிக்கு அலகுக்கூடு என்று பெயர். எக்ஸ் கதிர் இந்த அடுக்கின் மீது பட்டுச் சிதறும்போது, விளிம்பு விளைவால் (சிதறிய அலைகள் சில திசைகளில் வலுத்தும் மற்றவற்றில் ஒன்றையொன்று அழித்தும் போவதால்) குறிப்பிட்ட திசைகளில் மட்டும் புள்ளிகள் விழுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. அது எங்கே விழுகிறது என்பது பெட்டியின் அளவையும் வடிவத்தையும் பொறுத்தது. எவ்வளவு பிரகாசமாக விழுகிறது என்பது பெட்டிக்குள் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இடம் பெட்டியைச் சொல்லும், செறிவு உள்ளே இருப்பதைச் சொல்லும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி முழுவதும் புரியும்.

இப்போது வாசலுக்கு வாருங்கள். சதுரமாகப் புள்ளி வைத்து ஒரு கோலம். ஒவ்வொரு நான்கு புள்ளிக்கு நடுவிலும் ஒரு நாலிதழ்ப் பூ, இதழ்கள் எல்லாம் வலப்பக்கமாகச் சுழல்கின்றன. இந்தக் கோலத்தைக் கால் சுற்று திருப்பினால் அப்படியேதான் இருக்கும். இதையே ஓர் எண்ணெய்த் தாளில் வரைந்து, தாளைப் புரட்டிப் போட்டால்? புள்ளிகள் மேல் புள்ளிகள் அச்சாக விழும், ஏனென்றால் சதுரப் புள்ளி வரிசைக்கு முன்புறமும் ஒன்றுதான், பின்புறமும் ஒன்றுதான். ஆனால் பூக்கள் இப்போது இடப்பக்கம் சுழல்கின்றன. திருப்பினாலும் புரட்டினாலும் மாறாமல் இருக்கும் குணத்தைச் சீர்மை என்கிறோம். புள்ளிகளின் சீர்மை கோலத்தின் சீர்மையைவிட அதிகம். இரட்டைப் படிகத்தின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

படிகம் வளரும்போது நடப்பதும் இதுதான். ஒரு பகுதி ஒரு திசையில் அடுக்கிக்கொண்டே போகிறது. எங்கோ ஓர் அடுக்கில் மூலக்கூறுகள் தலைகீழாக உட்கார்ந்துவிடுகின்றன. பெட்டிகளின் வரிசைக்கு எந்தப் பாதிப்பும் இல்லாததால் வளர்ச்சி நிற்பதில்லை, அங்கிருந்து புரட்டிப் போட்ட கோலமாகவே தொடர்கிறது. (தாளைப் புரட்டினால் பூ கண்ணாடிப் பிம்பம் ஆகிவிடுகிறது. புரதத்தில் அப்படி ஆகாது. புரதம் முப்பரிமாணப் பொருள், அது அரைச் சுற்று திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். இடக்கை அமினோ அமிலம் வலக்கை ஆவதில்லை.) எந்தத் திருப்பத்தால் ஒரு பகுதி மற்றதாக மாறுகிறதோ அதை இரட்டை விதி என்கிறோம். சிறிய பகுதி மொத்தத்தில் எத்தனை பங்கு என்பது இரட்டைப் பங்கு. அது 0 என்றால் நல்ல ஒற்றைப் படிகம். 0.5 என்றால் சரிபாதி, அதற்கு முழு இரட்டை என்று பெயர்.

எல்லா இரட்டையும் ஒரே வகை அல்ல. சிலவற்றில் இரண்டு பகுதிகளின் வரிசைகளும் சரியாகப் பொருந்தாது. படத்திலேயே இரண்டு தொகுதிப் புள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். இது தொல்லைதான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்த தொல்லை. இன்னொரு வகையில் பெட்டியின் அளவு தற்செயலாக அமைந்துவிடும். சாய்ந்திருக்க வேண்டிய கோணம் 90 பாகைக்கு மிக அருகில் வந்துவிடும், அல்லது வேறுபட வேண்டிய இரண்டு பக்கங்கள் ஏறக்குறைய சமமாக இருக்கும். மூன்றாவது வகைதான் நம் கோலம். மும்மடி, நான்மடி, அறுமடி அச்சுள்ள (அதாவது மூன்றில், நான்கில், ஆறில் ஒரு சுற்று திருப்பினால் மாறாமல் இருக்கும்) சில படிகக் குழுக்களிலும், கனசதுரக் குழுக்களில் சீர்மை குறைந்தவற்றிலும், பெட்டி வரிசையின் சீர்மை இயல்பாகவே உள்ளடக்கத்தைவிட உயர்ந்தது. அங்கே ஒரு பகுதியின் ஒவ்வொரு புள்ளியும் மற்றதன் ஏதோ ஒரு புள்ளியின் மேல் துல்லியமாக விழும். படத்தில் எந்தத் தடயமும் இருக்காது.

அப்படி விழும்போது என்ன ஆகிறது? இரண்டு பகுதிகளும் போதுமான அளவு பெரியவை என்பதால் அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதில்லை, செறிவுகள் மட்டும் கூடுகின்றன. ஓர் எண் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரட்டை விதியால் இணைந்த இரண்டு புள்ளிகளின் உண்மையான செறிவு 100, 20 என்று வையுங்கள். இரட்டைப் பங்கு 0.3. முதல் இடத்தில் நாம் அளப்பது 100 இல் 70 விழுக்காடும் 20 இல் 30 விழுக்காடும் சேர்ந்தது, அதாவது 76. இரண்டாவது இடத்தில் 44. இந்த 76ஐயும் 44ஐயும் உண்மை என்று நம்பி நாம் வடிவத்தைத் தேடுகிறோம். கணக்கு ஏன் நின்றுபோனது என்று இப்போது தெரிகிறதா?

சரி, படத்தில் தடயமே இல்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு புள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல்லாயிரம் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லலாம்.

தாயம் விளையாடியிருப்பீர்கள். தாயக்கட்டையின் நான்கு பக்கங்களில் ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று குழிகள். ஒரே கட்டையை உருட்டினால் வெறும் பக்கம் விழுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டு கட்டைகளை உருட்டினால் இரண்டும் வெறுமையாக விழுவதற்குப் பதினாறில் ஒன்றுதான் வாய்ப்பு. மூன்றும் மூன்றும் விழுவதும் அப்படியே அபூர்வம். கூட்டுத்தொகை பெரும்பாலும் நடுவில்தான் வந்து நிற்கும். இரட்டைப் படிகம் என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டுவது. ஒரு புள்ளி மங்கலாக இருக்க வேண்டுமென்றால் அதில் கலந்த இரண்டுமே மங்கலாக இருந்தாக வேண்டும். அது அரிதாகத்தான் நடக்கும். ஆகவே இரட்டைப் படிகத்தின் தரவில் மிக மங்கலான புள்ளிகளும் மிகப் பிரகாசமான புள்ளிகளும் இருக்க வேண்டிய அளவுக்கு இருக்காது.

இருக்க வேண்டிய அளவு எவ்வளவு என்பதை ஏ. ஜே. சி. வில்சன் 1949 இலேயே கணித்துவிட்டார். மூலக்கூறின் விவரம் எதுவும் தேவையில்லை, அணுக்கள் பெட்டிக்குள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன என்று கொண்டாலே போதும். அந்தக் கணக்கின்படி, சராசரியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவுள்ள புள்ளிகள் ஒற்றைப் படிகத்தில் நூற்றுக்கு ஒன்பது பத்து இருக்க வேண்டும். முழு இரட்டையில் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. இன்னொரு அளவும் உண்டு. செறிவின் வர்க்கங்களின் சராசரியை, சராசரிச் செறிவின் வர்க்கத்தால் வகுத்தால் ஒற்றைப் படிகத்தில் 2 வரும், முழு இரட்டையில் 1.5 வரும். இப்படிச் செறிவுகளின் புள்ளியியலை ஆழமாக ஆராய்ந்த இடங்களில் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று. ஜி. என். ராமச்சந்திரன் அங்கே உருவாக்கிய துறையில் ஆர். சீனிவாசன், எஸ். பார்த்தசாரதி போன்றவர்கள் இதில் நிறைய வேலை செய்தார்கள். புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் பாடப்புத்தகத்துக்கு வந்த அளவுக்கு இந்த வேலை வெளியில் பேசப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் இந்தச் சோதனையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு மூலக்கூறுகள் ஒரே திசையைப் பார்த்தபடி, நகர்த்தி வைத்தது மாதிரி இருந்தால், புள்ளிகளில் ஒரு வரிசை பிரகாசம், ஒரு வரிசை மங்கல் என்று மாறி மாறி வரும். அது செறிவு வர்க்கங்களின் அந்த விகிதத்தை 2க்கு மேலே தூக்கிவிடும். இரட்டை அதைக் கீழே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் எல்லாம் சரி என்பது போன்ற எண் வந்து நிற்கும். இதைச் சமாளிக்கத்தான் படில்லா, யேட்ஸ் இருவரும் 2003 இல் எல் சோதனையைக் கொடுத்தார்கள். அது மொத்தச் சராசரியோடு ஒப்பிடுவதில்லை, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒப்பிடுகிறது. அதன் சராசரி ஒற்றைப் படிகத்தில் 0.5, முழு இரட்டையில் 0.375. ஃபீனிக்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பில் உள்ள எக்ஸ்ட்ரியாஜ் நிரலை ஓட்டினால் இவை எல்லாம் ஒரே அறிக்கையில் வந்துவிடும். தரவு கைக்கு வந்த அன்றே அதை ஓட்டிப் பார்க்கும்படி ஒவ்வொரு மாணவரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். மூன்று மாதம் கழித்து ஓட்டுவதற்கும் முதல் நாளே ஓட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அறிக்கையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இரட்டை விதியால் இணைந்த புள்ளிகள் சமமாக இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து முழு இரட்டை என்று முடிவு கட்டாதீர்கள். படிகத்துக்கு உண்மையிலேயே அந்தச் சீர்மை இருந்து, நீங்கள் குறைந்த சீர்மையில் தரவைக் கையாண்டிருந்தாலும் அப்படித்தான் தெரியும். எல் சோதனை இரண்டையும் பிரித்துச் சொல்லும். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கும். முழு இரட்டை, இல்லாத சீர்மையை இருப்பதாகக் காட்டும். அதை நம்பினால் ஒரு மூலக்கூறுக்குக் கிடைக்கும் இடம் பாதியாகிவிடும். புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி இடம் நீர்தான். கணக்குப் போட்டுப் பார்க்கும்போது நீருக்கே இடமில்லாமல் மூலக்கூறுகள் திணிக்கப்பட்டிருந்தால், சீர்மையைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி தீர்ப்பது. முதலில் தோன்றும் வழி, கலந்ததைப் பிரிப்பது. 76, 44 என்ற இரண்டு எண்களும், 0.3 என்ற பங்கும் தெரிந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு சமன்பாடுகள், இரண்டு மாறிகள்தான். 76 இல் 70 விழுக்காட்டிலிருந்து 44 இல் 30 விழுக்காட்டைக் கழித்தால் 40. அதை 0.4 ஆல் வகுத்தால் 100 திரும்பி வந்துவிடும். 20ம் அப்படியே வரும். அந்த 0.4 எங்கிருந்து வந்தது? ஒன்றிலிருந்து இரட்டைப் பங்கின் இரு மடங்கைக் கழித்தது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

பங்கு 0.45 என்று வையுங்கள். அளப்பவை 64, 56. வகுக்க வேண்டிய எண் 0.1. அளவையில் ஒரு சின்னப் பிழை, 64க்குப் பதில் 66 என்று பதிவாகிவிட்டது. பிரித்துப் பாருங்கள், 100 என்பது 111 ஆகிறது, 20 என்பது 11 ஆகிறது. இரண்டு அலகுப் பிழை பதினொன்றாகவும் ஒன்பதாகவும் பெருகிவிட்டது. பங்கு 0.5 ஐத் தொட்டால் இரண்டு இடத்திலும் 60, வகுக்க வேண்டிய எண் பூஜ்யம். 60, 60 என்பதை வைத்துக்கொண்டு அது 100ம் 20மா, 90ம் 30மா என்று எந்தக் கணிதத்தாலும் சொல்ல முடியாது. பங்கு குறைவாக இருக்கும்போது பிரிப்பது பயன்படும். பாதியை நெருங்க நெருங்க அந்த வழி அடைபட்டுவிடும்.

அப்புறம் என்ன செய்வது? கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான் வழி. கலந்த தரவைப் பிரிக்க முயல வேண்டாம், மாதிரியைக் கலக்கலாம். நம்மிடம் ஒரு மாதிரி வடிவம் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் கணக்கிடலாம். இரட்டை விதியால் இணைந்த இரண்டையும் அதே பங்கில் கூட்டினால், இரட்டைப் படிகம் தர வேண்டிய எண் கிடைக்கும். அதை அளந்ததோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும்படி அணுக்களை நகர்த்திக்கொண்டே போகலாம். இரட்டைப் பங்கையும் கூடவே திருத்தலாம். எங்கும் வகுத்தல் இல்லை, ஆகவே 0.5 என்றாலும் கணக்கு உடைவதில்லை. மாதிரி 60 தந்தால் பொருத்தம், 75 தந்தால் தவறு. செய்தி பாதியாகிவிட்டது உண்மை, ஆனால் புரதத்தைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை, அதாவது பிணைப்பு நீளங்கள், கோணங்கள், அமினோ அமில வரிசை எல்லாம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. ஷெல்எக்ஸ்எல், ரெஃப்மேக், ஃபீனிக்ஸ் ஆகிய மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. பிளாஸ்டோசயனின் என்ற தாமிரப் புரதத்தின் வடிவத்தை, சரிபாதி இரட்டையான ஒரு படிகத்திலிருந்தே தீர்த்துக் காட்டி ரெடின்போவும் யேட்ஸும் 1993 இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

தொடக்க மாதிரி எங்கிருந்து வரும்? ஒத்த புரதத்தின் வடிவம் முன்பே தெரிந்திருந்தால், அதைப் பெட்டிக்குள் திருப்பி நகர்த்திப் பொருத்தும் முறை இரட்டைத் தரவிலும் பல நேரம் வேலை செய்கிறது. சில சமயம் இரட்டை விதியால் இணைந்த இரண்டு திசைகளிலும் விடை கிடைக்கும், அதுவே ஒரு தடயம். முற்றிலும் புதிய புரதம் என்றால் கஷ்டம். கனமான அணுக்கள் தரும் மிகச் சிறிய செறிவு வேறுபாடுகளை வைத்துத்தான் அலைகளின் கட்டத்தை (ஒவ்வொரு அலையும் ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதை, செறிவு இதைச் சொல்லாது) கண்டுபிடிக்க வேண்டும், கலப்பு அந்த வேறுபாடுகளைத்தான் முதலில் மழுங்கடிக்கும்.

பொருந்திவிட்டது என்று மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மாதிரிக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆர் மதிப்பு என்கிறோம். அணுக்களைத் தாறுமாறாகப் போட்ட மாதிரிக்கு, ஒற்றைப் படிகத்தில் அது சுமார் 58 விழுக்காடு இருக்கும். முழு இரட்டையில், இரட்டையையும் கணக்கில் சேர்த்தால், ஒன்றுமே சரியில்லாத மாதிரிக்கும் சுமார் 41 தான் வரும். செறிவுகள் எல்லாம் நடுவை நோக்கி நெருங்கிவிட்டதால் வித்தியாசமும் இயல்பாகவே குறைவு. ஆகவே இரட்டை விதியைச் சேர்த்தவுடன் எண் சரசரவென்று இறங்கினால் அதில் ஒரு பகுதி இனாமாக வந்தது. இரட்டை இல்லாத தரவுக்கு அதைப் போட்டு எண்ணை இறக்குவது பெரிய தவறு. மாதிரியைத் திருத்தப் பயன்படுத்தாமல், அது சரியா என்று சோதிப்பதற்கென்றே ஒதுக்கி வைக்கும் புள்ளிகளிலும் இதே கவனம் வேண்டும். ஒரு புள்ளியை ஒதுக்கினால் அதன் இரட்டைத் துணையையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் ஒளித்து வைத்த விடை துணை வழியாகக் கசிந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் பாக்டீரியோரோடாப்சின். உப்பு மிகுந்த நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரின் சவ்வில் இருக்கும் ஊதா நிறப் புரதம் இது. ஒளி பட்டால் ஒரு புரோட்டானைச் சவ்வுக்கு வெளியே தள்ளும். இதைப் படிகமாக்குவது நீண்ட காலம் பெரும் சவாலாக இருந்தது. 1996 இல் லாண்டாவும் ரோசன்புஷும் கொழுப்புக் கூழ் ஒன்றுக்குள் அதை வளர்த்துக் காட்டினார்கள். மெல்லிய அறுகோணத் தகடுகள். 1998 இல் லியுக்கே, ரிக்டர், லான்யி மூவரும் அத்தகைய படிகங்களின் தரவில் எதிர்பாராத இருமடிச் சீர்மை இருப்பதைக் கவனித்து, இது இரட்டை என்று கண்டுகொண்டார்கள். அதைக் கணக்கில் சேர்த்து 2.3 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு, எண் குறையக் குறைய நுணுக்கம் அதிகம்) அளவுக்குத் திருத்தியபோது கிடைத்த வடிவம், அதற்கு முந்தைய மாதிரிகளிலிருந்து வேறுபட்டது. புரோட்டானைக் கொடுக்கும் இடத்துக்கும் வாங்கிக்கொள்ளும் ஆஸ்பார்டேட் 85க்கும் (சங்கிலியில் 85ஆவது இடத்தில் உள்ள அமினோ அமிலம்) நடுவில் ஒரு நீர் மூலக்கூறு இருப்பது தெரிந்தது. புரோட்டான் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்விக்கு அந்த ஒரு நீர் மூலக்கூறு மிக முக்கியம். இரட்டையைக் கவனிக்காமல் விட்டால் இப்படிப்பட்ட நுணுக்கங்கள்தான் தவறிப்போகும், ஒட்டுமொத்தத் தோற்றம் அப்படியே இருக்கும்.

கணக்கால் சமாளிக்க முடியும் என்பதற்காக வேறு படிகம் தேடுவதை விட்டுவிட வேண்டாம். ஒரே துளியில் வளர்ந்த படிகங்களிலும் இரட்டைப் பங்கு படிகத்துக்குப் படிகம் மாறும். பத்தைச் சோதித்தால் ஒன்றில் 0.1 கிடைக்கலாம். வெப்பநிலை, உப்பு, சேர்மானப் பொருள் ஏதாவது ஒன்றை மாற்றினால் இரட்டையே வராமல் போகலாம். உப்பை விரும்பும் இன்னொரு நுண்ணுயிர், சாக்கடலில் கண்டெடுக்கப்பட்டது, செல்லில் புரதங்களைத் தயாரிக்கும் அதன் ரைபோசோமின் பெரிய துணை அலகில் நடந்தது இதுதான். அந்தப் படிகங்களை வளர்க்கும் பாதையை வகுத்தவர் ஆடா யோனாத். யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழுவினர் அவற்றைக் கொண்டு முன்னேறியபோது, நுணுக்கமான அளவுக்குப் போகவிடாமல் தடுத்தவற்றில் இரட்டையாவதும் ஒன்று என்று கண்டார்கள். கணக்கோடு மல்லுக்கட்டாமல், படிகங்களை வைத்திருக்கும் கரைசலின் நிலைமைகளை மாற்றி இரட்டை வராமல் செய்தார்கள். 2000 ஆகஸ்டில் 2.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அந்தத் துணை அலகின் வடிவம் வெளிவந்தது. 2009 இல் ஸ்டைட்ஸும் யோனாத்தும் நோபல் பரிசு பெற்றபோது அதைப் பகிர்ந்துகொண்ட மூன்றாமவர், ரைபோசோமின் சிறிய துணை அலகைத் தீர்த்த, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.